கெண்டை ஏறும் நேரம்

பெருவிரலுக்கு அடுத்த விரல்தான் முதலில் தகவல் சொல்லும். கூட்டத்தில் பிடிக்காத ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் லேசாக ஒதுங்கிக்கொள்வோமே, அப்படித் தானாக விலகி நிற்கும். இப்போது நிற்கிறது. போர்வைக்குள் இருக்கிற காலைப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம், எனக்குத் தெரியும். வராதே. மற்ற நாளெல்லாம் வந்தாய், நான் கத்தினேன், இங்கே டெக்னீசியனாக இருக்கிற பெனிட்டா ஓடிவந்து பாதத்தைப் பிடித்தாள், முடிந்தது, உன்னை நான் ஏதாவது சொன்னேனா. இன்றைக்கு ஒரு நாள் சும்மா கிட. பார், சொந்தக் காலிடம் கெஞ்சுகிற நிலைமைக்கு வந்தாயிற்று. பெற்ற பிள்ளையிடம்கூட இப்படிக் கெஞ்சினதில்லை. தலைமாட்டில் மெஷின் உருட்டிக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒரு சக்கரம் சுற்றுகிற சத்தம், அரைத்து முடியாத மாவு மாதிரி. இடது கையில் இரண்டு ஊசி. ஒன்று வழியாக ரத்தம் போகிறது, இன்னொன்று வழியாகத் திரும்பி வருகிறது, அழுக்கும் அதிகப்படித் தண்ணீரும் மெஷினில் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்துக்கு மூன்று நாள் இந்தக் கட்டில்தான். கோவில்பட்டியில் மனுசர்கள் பஸ்ஸுக்கும் காய்கறிக்கும் ஓடுகிற காலை நேரத்தில் நாங்கள் இந்த மாடி ரூமில் வரிசையாகப் படுத்துக் கிடக்கிறோம், ஏசி குளிரில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு. இதுவும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று, இந்தக் கொறக்களி. எங்கள் ஆட்கள் கெண்டை ஏறுது என்பார்கள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கச் சதைக்கு யார் கெண்டை என்று பெயர் வைத்தார்களோ, அவருக்கு இது வந்திருக்க வேண்டும். வந்தவருக்குத்தான் தெரியும், தோலுக்கு அடியில் ஒரு மீன் கரையில் விழுந்தது மாதிரித் துள்ளி, துள்ளினபடியே கல்லாகிப்போவது. கல்லானால் பரவாயில்லை, கல்லுக்கு வலிக்காது.

மணி என்ன இருக்கும். சுவர்க் கடிகாரம் எனக்குப் பின்பக்கம் இருக்கிறது, யார் மாட்டினார்களோ. தலையைத் திருப்பினால் கழுத்து இழுக்கும், கழுத்து இழுத்தால் கை அசையும், கை அசைந்தால் மெஷின் கீங் கீங் என்று கத்தும். மத்தியானம் முடியும், முடிந்ததும் வாசலில் வேன் நிற்கும், வேனில் ஏறினால் கழுகுமலை. என் மகன் தங்கத்துரைக்குப் பார்த்திருக்கிற பெண்ணுக்கு இன்று சாயங்காலம் பூ வைக்கிறோம். கற்பகவல்லி என்று பேர். போனில்தான் பார்த்திருக்கிறேன், போனில் பார்த்தால் எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறார்கள், சிரித்தபடி, வெள்ளை வெளேரென்று. குரல் கேட்டேன், அது போதும். "சாப்டீங்களா அத்தை" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் பேசாமல் இருந்தாள். இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் அப்படி. கேள்வி கேட்பார்கள், பதிலுக்குக் காது இருக்காது. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, கண்ணும் சுகரில் பாதி போயிற்று, காதுதான் மிச்சம். காதை வைத்துத்தான் மனுசரை எடை போடுகிறேன். அந்தப் பிள்ளை தலையில் என் கையால் பூ வைக்க வேண்டும். வேறென்ன கேட்டேன். நகை கேட்டேனா, சீர் கேட்டேனா. ஒரு முழப் பூ, அதை என் கையால் வைக்க வேண்டும், அதுக்குப் பின்னால் ஒரு கால் மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கிறதுக்குத்தான் இவ்வளவு பாடு.

பொன்னுத்தாய் இருக்கிறாளே, அவுக தங்கச்சி, என் நாத்தனார். முந்தாநாள் வீட்டுக்கு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து, அழுகிற மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு, "மதினி, நீங்க எதுக்கு அலையணும். போயிட்டு அன்னைக்கே வரணும். நீங்க வீட்ல படுத்திருங்க, நான் ஒங்க ஸ்தானத்துல நின்னு பூவ வச்சிட்டு வந்திருதேன்" என்றாள். ஒங்க ஸ்தானத்துல. அந்த வார்த்தையை எங்கே கற்றாளோ. நான் இன்னும் செத்துப்போகவில்லையே, ஸ்தானம் காலியாக. அவுக நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முக்கியமான பேச்சு நடக்கும்போதுதான் அவுகளுக்கு நகம் வளரும். பிறகு சாப்பிடுகிறபோது, சோற்றைப் பார்த்துக்கொண்டே, "அவ சொல்றதுலயும் ஒரு இது இருக்குல்ல" என்றார்கள். என்ன இது. பெண் வீட்டில் கால் இழுத்து நான் கீழே விழுந்தால் அசிங்கம் என்கிற இது. அதை வாயால் சொல்ல வராது. எனக்குப் பூ வைத்தது எங்கள் மாமியார். கை உண்டே, உலக்கை. கொண்டை ஊசியைத் தலைக்குள்ளேயே இறக்கிவிட்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பார்த்த பொம்பளைகள் எல்லாம் பிள்ளை, பிறந்த வீட்டை நினைத்து அழுகுது என்றார்கள். ஒருவரும் ஊசியைப் பார்க்கவில்லை. பொன்னுத்தாய் அந்தக் கையின் மகள். முருங்கைக்கீரை உருவுகிறபோது பார்த்திருக்கிறேன், காம்பே பிய்ந்து வரும். அந்தக் கை கற்பகவல்லி தலைக்குப் போகக் கூடாது. இதை யாரிடம் சொல்வேன். சொன்னால் நாத்தனார் பொறாமை என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், பொறாமையும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

வந்துவிட்டது. விரல் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது, பாதத்தின் வளைவு உள்ளே சுருங்குகிறது, யாரோ நூலைக் கோத்துச் சுருக்குகிற மாதிரி. கத்தக் கூடாது. கத்தினால் பெனிட்டா வருவாள், வந்தால் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது, கூட வந்தவர்களை உள்ளே கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் அவுக வருவார்கள், வந்து என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய்ப் பொன்னுத்தாய்க்குப் போன் போடுவார்கள். அதோடு முடிந்தது. அதனால் வாயை மூடு. வலது காலால் இடது விரல்களைப் பிடித்துப் பின்னால் தள்ளிப் பார்க்கிறேன், கால் கட்டிலின் கம்பியில் இடிக்கிறது, சரி, கம்பியில் பாதத்தை வைத்து அழுத்து. குதிகாலை வெளியே தள்ளு, விரலை மூக்கைப் பார்த்து இழு, முட்டியை நீட்டு. பெனிட்டா சொல்லிக்கொடுத்தது. வலிக்கிற இடத்தைப் பிசைவதை விட, சுருங்கின சதையை நீட்டிவிட வேண்டும். எத்தனை தடவை சொல்லியிருப்பாள். எங்கள் வீட்டில் யார் மண்டையிலாவது ஏறினதா. எல்லாரும் ஓடிவந்து கல்லாகிக் கிடக்கிற இடத்தையே பிடித்துப் பிசைவார்கள். பிசைகிறவர்களுக்கு ஒரு திருப்தி. எனக்கு உயிர் போகும். இப்போது கம்பி குளிர்ச்சியாக இருக்கிறது, பாதம் மெல்ல மெல்ல, ம், விடுகிறது, விடுகிறது. "என்ன மதினி, போர்வைக்குள்ள சைக்கிள் ஓட்டுறீகளா" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல். அரியமுத்து அண்ணாச்சி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். இன்னும் எல்லாரையும் எங்கே ஏறினீர்கள் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்கிற பார்வைதான். "குளிருது அண்ணாச்சி" என்றேன். "குளிருக்கா ஒங்க பல்லு இப்பிடிக் கடிக்குது. பேசாம பெனிட்டாவைக் கூப்புடுங்க." "வேண்டாம். போயிருச்சு." "போறதுக்கா அது வருது. திரும்பி வரத்தான் போகும். கடைசி பஸ் இல்ல மதினி அது, டவுன் பஸ்." சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. சிரித்தால் வயிறு குலுங்கும், குலுங்கினால் கால் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

எதனால் இன்றைக்கு இப்படி. மற்ற நாள் கடைசி நேரத்தில்தான் வரும், முடியப் போகிறபோது. இன்று பாதி நேரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் விரல் விலகியாயிற்று. என்ன தின்றேன். ஒன்றும் தின்னவில்லை. நேற்று ராத்திரி இரண்டு இட்லி, சட்னியில் உப்பு இல்லை, உப்பில்லாத சட்னியை யார் சட்னி என்பார்கள். கருவாடு வாசம் எதிர்வீட்டிலிருந்து வந்தது, வாசத்துக்கு எடை கிடையாது. தண்ணீர்? அதைத்தான் குடிக்கவே விடமாட்டேன் என்கிறார்களே. சின்ன டம்ளரில் அளந்து, மாத்திரைக்கு ஒரு மடக்கு, நாக்கை நனைக்க ஒரு மடக்கு. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருத்தரும் கொறக்களிக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அடுத்த வீட்டு டீச்சரம்மா, "நிறையத் தண்ணி குடிங்கக்கா, தண்ணி பத்தாமத்தான் இழுக்குது" என்றாள். தண்ணீர் அதிகமானால் எனக்கு மூச்சு முட்டும். பால்காரர் வாழைப்பழம் என்றார், தினமும் ரெண்டு. வாழைப்பழம் தின்றால் என் ரத்தத்தில் ஏதோ ஒரு சத்து ஏறி நெஞ்சு நின்றுபோகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இளநீர் என்றார் ஒருத்தர், அதுவும் அப்படித்தான். மோரில் உப்புப் போட்டுக் குடி. உப்புத்தான் எனக்கு முதல் எதிரி. இந்த ரூமிலேயே ஒருத்தி ஊறுகாய்ப் பாக்கெட்டை இடுப்பில் முடிந்துகொண்டு வருவாள், இழுக்கிறபோது நாக்கில் ஒரு தொடு தொட்டுக்கொள்வாள், விடத்தான் செய்கிறது, ஆனால் வீட்டுக்குப் போனால் தாகம் ஆளைக் கொன்றுவிடும், அடுத்த தடவை இரண்டு பங்கு தண்ணீரோடு வந்து நிற்பாள். ஊருக்கெல்லாம் மருந்தாக இருக்கிறது எனக்கு மட்டும் விஷம். தலைகாணிக்கு அடியில் இரும்புச் சாவி வை என்று ஒருத்தி சொன்னாள், அது ஒன்றுதான் எனக்குக் கெடுதல் செய்யாத வைத்தியம், அதனால் வைத்திருக்கிறேன். நல்லதும் செய்யவில்லை. ஆளாளுக்குக் காரணம் சொல்கிறார்கள், காரணத்தைக் கேட்டுக் கேட்டே எனக்கு எரிச்சல். வலிக்கிறவள் நான், காரணம் அவர்களிடம் இருக்கிறது.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி குச்சியாகச் சொருகிக் கட்டை அடுக்கினேனே, காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன், அப்போது எங்கே போயிருந்தாய் நீ. தங்கத்துரை வயிற்றில் இருந்தபோது இரண்டு மூன்று தடவை வந்தாய். அப்போது ஆத்திரமாக இல்லை. உள்ளே ஒன்று வளர்கிறது, அது இழுக்கிறது என்று தோன்றும், இழுத்துக்கொள்ளட்டும் என்று இருக்கும். இப்போது என்ன வளர்கிறது. ஒன்றும் இல்லை. சும்மா இழுக்கிறது. சும்மா வருகிற வலிதான் மனுசனைக் குரங்காக ஆக்குவது. திரும்பவும். இந்தத் தடவை விரலைக் கேட்கவில்லை, நேராகக் கெண்டைக்கு வந்துவிட்டது. ஆண்டவா. கம்பி, கம்பி எங்கே, கால் சறுக்குகிறது, போர்வை காலில் சுற்றிக்கொண்டது. முட்டியை மடக்காதே. மடக்கத்தான் தோன்றுகிறது, உடம்பு அதாகவே சுருளப் பார்க்கிறது, மரவட்டையைத் தொட்டால் சுருளுமே அப்படி. நீட்டு. கையைப் பார், கையை அசைக்காதே. கால் சுருளச் சொல்கிறது, கை ஆடாதே என்கிறது, நடுவில் நான் ஒருத்தி. கண்ணில் தண்ணீர் காதுக்குள் இறங்குகிறது. அண்ணாச்சி பார்த்துவிட்டார். பகடி பேசுகிறவர் பேசாமல் இருந்தால் பயமாக இருக்கிறது. பெனிட்டா தூரத்துக் கட்டிலில் யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டே தன் பிள்ளைக்குப் போனில் சொல்கிறாள், "டிபன் பாக்ஸ்ல மிச்சம் வச்சேன்னா அம்மா வந்து என்ன பண்ணுவேன்." அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இரு. மிச்சம் வைத்தால் என்ன பண்ணுவாள், என்ன பண்ணுவாள். முட்டிக்குக் கீழே இருக்கிறது என் கால் இல்லை, யாருடையதோ, அவர் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

போன மாதம் கயத்தாற்றிலிருந்து வருகிற ஒருத்தர் இப்படித்தான். வீம்பு. இழுக்கிறது என்று சொன்னால் நேரம் கூடும், பஸ் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கொட்டாவி விட்டார், திரும்பத் திரும்பக் கொட்டாவி, பிறகு பதிலே இல்லை. தலைமாட்டைத் தாழ்த்திக் காலைத் தூக்கி, மூன்று பேர் ஓடி, டாக்டர் வந்து, கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, பஸ் போயிருச்சா. நாங்கள் எல்லாம் சிரித்தோம், பிறகு வீட்டுக்குப் போய் ஒவ்வொருத்தரும் தனித்தனியாகப் பயந்துகொண்டோம். உடம்பில் இருக்கிற தண்ணீருக்கு மேலே மெஷின் இழுத்தால் அப்படி ஆகும் என்று பெனிட்டா சொன்னாள். ரத்தத்திலிருந்து தண்ணீர் வேகமாகப் போனால் சதைக்கு ரத்தம் பற்றாது, பற்றாத சதை சுருண்டு கத்தும், அதையும் கேட்காவிட்டால் மயக்கம். அப்படியென்றால் கொறக்களி, சதை கத்துகிற கத்து. பசித்த பிள்ளை மாதிரி. அப்படி நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஏன் பற்றவில்லை. நான்தான் ஒன்றும் குடிக்கவில்லையே, நேற்றிலிருந்து நாக்கு தோலாகக் கிடக்கிறதே, விசேஷத்துக்குப் போகிற இடத்தில் முகம் வீங்கக் கூடாது என்று. கம்மியாகத்தானே ஏறியிருக்க வேண்டும் எடை. காலையில் எடை மெஷினில் ஏறினபோது அந்த இன்னொரு டெக்னீசியன் ஒரு மாதிரியாகச் சிரித்தாரே. "என்னம்மா, விருந்துக்குப் போறதுக்கு முன்னாடியே சாப்டுட்டீங்களா, எடை கூடியிருக்கு" என்றாரே. ராத்திரி டூட்டி முடிந்து போகிற அவசரம் அவருக்கு. எனக்கு எரிச்சல். ஒன்றும் சாப்பிடாதவளைப் பார்த்து. மெஷினில் கோளாறு என்று மனசுக்குள் திட்டிவிட்டு இறங்கினேன். இறங்கி, பாத்ரூமுக்குப் போய்.

பாத்ரூமுக்குப் போய்ச் சேலையை மாற்றினேன்.

சேலை. அட பாவி மனுசி. வீட்டுக்குப் போய் உடுத்திக்கொள்ளலாம் என்று இருந்தால் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று, விடிகிறபோதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தேனே. அவுக கூட, "ரத்தம் பட்டுரப் போகுது" என்றார்கள். படாது, உள்ளே போய் நைட்டி மாத்திக்கிடுவேன் என்றேன். மாற்றினேன். ஆனால் எடை பார்த்தது மாற்றுகிறதுக்கு முன்னால். பட்டு, முழுக்க ஜரிகை, அதுக்கு உள்பாவாடை, இடுப்பில் சாவிக்கொத்து, சில்லறைப் பை, இரண்டு கையிலும் வளையல். அத்தனையோடும் ஏறி நின்றேன். வருகிற நாளெல்லாம் நைட்டியோடும் துண்டோடும் நிற்கிறவள். பெனிட்டா வந்தபோது நான் நைட்டியில் படுத்திருந்தேன், சீட்டில் இருந்த எடையைப் பார்த்து மெஷினில் போட்டாள். போன தடவைக்கு இந்தத் தடவை கூடியிருக்கிறது, கூடினது எல்லாம் தண்ணீர், எடு. மெஷினுக்கு என்ன தெரியும். சொன்னதைச் செய்கிறது. என் பட்டுச்சேலையின் கனத்தை என் உடம்பிலிருந்து தண்ணீராக உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறது. சேலை அதோ பையில் மடித்து வைத்தபடி சொகுசாக இருக்கிறது, நான் இங்கே காய்ந்துகொண்டு இருக்கிறேன். டீச்சரம்மாவுக்கும் பால்காரருக்கும் தெரியாத காரணம். நானே நெய்த காரணம்.

சொல்ல வேண்டும். சொன்னால் சரியாகிவிடும், மெஷின் தண்ணீர் எடுக்கிறதை நிறுத்தச் சொல்லலாம். சொல்லக் கூடாது, சொன்னால் அவுகளைக் கூப்பிடுவார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொள். எவ்வளவு கொஞ்ச நேரம், கடிகாரம் பின்னால் இருக்கிறது. கொட்டாவி வருகிறது. வரக் கூடாது, இது தூக்கக் கொட்டாவி, ராத்திரி எங்கே தூங்கினேன். இன்னொன்று. மெஷின் சத்தம் தூரமாகப் போகிறது, பெனிட்டா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, காதும் போனால் எனக்கு என்ன மிச்சம். மயங்கி விழுந்தால் கழுகுமலையும் கிடையாது கற்பகவல்லியும் கிடையாது, பொன்னுத்தாய் பட்டை உடுத்திக்கொண்டு வேனில் முன் சீட்டில் ஏறுவாள். சொன்னால் ஒருவேளை போகலாம். சொல்லாவிட்டால் நிச்சயமாகப் போக முடியாது. இவ்வளவு சின்னக் கணக்குக்கு இவ்வளவு நேரம் சுற்றியிருக்கிறேன், செக்கு மாடு மாதிரி. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. "அண்ணாச்சி" என்றேன். அது வந்தது. அவர் தன் சும்மா இருக்கிற கையால் கட்டில் கம்பியை டங் டங் என்று தட்டி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரியே, "பெனிட்டாம்மா, இங்க வாம்மா, மதினிக்கு ஸ்டாப்பிங்கு" என்றார்.

பெனிட்டா வந்து முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மெஷினில் எதையோ அழுத்தினாள், தலைமாட்டைத் தாழ்த்தினாள், மேலே தொங்குகிற பாட்டிலைத் திறந்துவிட்டாள். போர்வையை உதறி என் பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தி உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் தள்ளினாள். "முட்டியை மடக்காதீங்கம்மா. நீட்டுங்க. மூச்சு விடுங்க. எப்ப இருந்து இழுக்குது?" "இப்பத்தான்." "பொய் சொல்றாக, ரொம்ப நேரமா சைக்கிள் ஓட்டுறாக" என்றார் அண்ணாச்சி. "ஏம்மா இப்பிடிப் பண்றீங்க. சொல்லுறதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றாள், முகம் சிவந்துபோயிற்று. நான் சொன்னேன், சேலையை. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பையைக் காட்டினேன். பையைத் தூக்கிப் பார்த்தாள், கையில் கனத்தை உணர்ந்து அப்படியே நின்றாள். "பட்டுச்சேலையோட எடை பாத்தீங்களா? வளையலு, சாவியெல்லாமா? அய்யோ, கூடப் போட்டு எடுத்திருக்கேனே. நானாவது போன தடவ எடையோட ஒத்துப் பாத்துக் கேட்டிருக்கணும்." அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுவரை வந்தது வலிக்கு வந்த கண்ணீர்தான். "அழாதீங்க, போனதைக் கொஞ்சம் திருப்பிக் குடுத்திருக்கேன். இனி இன்னைக்குத் தண்ணி எடுக்க மாட்டேன், சுத்தம் பண்றது மட்டும் ஓடட்டும்." கெண்டை அவள் கைக்குள் இளகியது. உறைந்த நெய் அடுப்புப் பக்கம் வைத்தால் ஓரத்திலிருந்து இளகுமே, அப்படி. வலி போன இடத்தில் ஒரு களைப்பு, ஒரு வெட்கம். அவள் காலை விடவில்லை. விட்டால் திரும்பவும் வரும் என்று தெரிந்தவள். நான் மேலே விட்டத்தில் இருக்கிற கறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இவ்வளவு சுலபமா. ஒரு வார்த்தைக்கு. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை, சேலை மேலா, அவுக மேலா, பேசாமல் இருந்த என் வாய் மேலா.

அவுக வந்துவிட்டார்கள். சட்டம் சட்டம்தான். கையில் சுருட்டின பேப்பர், காலில் செருப்பு இல்லை, வாசலில் கழற்றச் சொல்லியிருப்பார்கள். கட்டில் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள், பாட்டிலைப் பார்த்தார்கள், பெனிட்டா கையில் இருக்கிற பாதத்தைப் பார்த்தார்கள். "ரொம்ப இழுத்திருச்சோ" என்றார்கள். "போகலாமாம்மா இவ?" என்று பெனிட்டாவைக் கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. "எறங்கின பிரஷர் ஏறிக்கிட்டு இருக்கு. முடிஞ்சதும் டாக்டர் ஒருதடவ பாக்கட்டும், சரின்னு சொன்னாப் போகலாம். ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க" என்றாள் அவள். ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க. அவுகளுக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும், கை சட்டைப் பைக்குப் போய்விட்டதே. போனில் பொன்னுத்தாய் குரல் எனக்கே கேட்டது, அவள் போனில் பேசினால் போன் தேவையில்லை. "என்னண்ணே, கெளம்பவா? நான் சொன்னேன்ல, மதினியால முடியாதுன்னு. நானே வச்சிருதேன்." அவுக என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சும்மா இருக்கிற கை ஒன்று இருந்தது. "குடுங்க அதை" என்றேன்.

"பொன்னுத்தாயி, நான் பேசுறேன்." "மதினி, ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே. நீங்க அலட்டிக்கிடாதீக, நான் பாத்துக்கிடுதேன்." "தட்டை நீ தூக்கிக்கோ. வெத்தலை பாக்கை நீ எடுத்துக்குடு. சம்பந்தக்காரங்ககிட்டப் பேச்சும் நீயே பேசு, ஒன்னைய மாதிரி எனக்குப் பேச வராது. பூ மட்டும் நான்." அந்தப் பக்கம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளுக்கும் தாழ்த்த வருகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, "ஒங்களைக் கஷ்டப்படுத்தணும்னு இல்ல மதினி. நின்னுக்கிட்டு இருக்கும்போது கால் இழுத்து சபையில விழுந்து வச்சீகன்னா சகுனம்னு பேசுவாக. அந்தப் பிள்ளையைத்தான் பேசுவாக, வந்த நேரம்னு. அதான் எனக்குப் பயம்" என்றாள். நான் இத்தனை நாள் அவளைப் பற்றி நினைத்ததில் இது இல்லவே இல்லை. ராத்திரியெல்லாம் நான் பயந்த பயத்தையே அவளும் வேறு பக்கமிருந்து பயந்திருக்கிறாள். பெனிட்டா பாதத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அவுக பேப்பரை விரித்தார்கள், சுருட்டினார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்காத மாதிரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். விழுந்தால் என்ன செய்வேன். நிஜமாக, இழுத்தால் என்ன செய்வேன். எதை எட்டிப் பிடிப்பேன். முன்னால் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும், வேறே யாரும் அவ்வளவு கிட்டத்தில் இருக்கப் போவதில்லை.

"விழ மாட்டேன்" என்றேன். "இழுத்தா அவ தோளைப் பிடிச்சிக்கிடுவேன்." "நல்ல கதை. மொத நாளே பொண்ணு தோள்ல தொங்குவீகளா?" "என்னைக்கா இருந்தாலும் பிடிக்கப் போற தோளுதானே பொன்னுத்தாயி. சபையில வச்சே அவகிட்டச் சொல்லிட்டுப் பிடிக்கிறேன், எனக்குக் காலு இழுக்குது, கொஞ்சம் தாங்கிக்கோம்மான்னு. மறைச்சு வச்சு நான் பட்டது போதும். நீ எனக்குப் பின்னால நில்லு. அவ தாங்கலைன்னா நீ தாங்கு." வேனுக்கு ஆள் ஏறுகிற சத்தம், யாரோ பழத்தட்டு பத்திரம் என்கிற சத்தம், ஒரு குழந்தை அழுகை, எல்லாம் போன் வழியாக வந்தது. பொன்னுத்தாய் மூச்சு விடுகிறதும் கேட்டது. பிறகு யாரையோ பார்த்து, "ஏ, வண்டியை மார்க்கெட்டு வழியாக விடச் சொல்லு" என்றாள், அதற்கப்புறம் என்னிடம், கொஞ்சம் வெட்டின குரலில், "பிச்சியா, மல்லியா மதினி?" என்றாள்.

"பிச்சி" என்றேன். "நெருக்கமாக் கட்டினதா பாத்து வாங்கு."